மாடிக் கதவின் சாவி

என் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்கு எல்லாமே வண்டிதான். பஸ்ஸுக்குத் தகுதி பார்ப்பது போல வீட்டுக்கும் வருஷா வருஷம் எஃப்.சி. பார்க்க வேண்டும் என்பார். அந்த எஃப்.சி. ஒரே நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை, பன்னிரண்டு மாதமும் நடக்கும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பி வாசல்வரை வந்துவிட்டு, "இரு புள்ள, இந்தக் கீலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய விட்டுட்டு வாரேன்" என்று உள்ளே போய்விடுவார். பட்டுச் சேலையோடு வெயிலில் நின்று நான் எத்தனை தடவை பல்லைக் கடித்திருக்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தல்லாகுளத்திலிருந்து நத்தம் போகிற ரோட்டில், பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி எங்கள் வீடு. ஒரு காலத்தில் கண்மாய்த் தண்ணீர் பாய்ந்த வயல் அது. பிளாட் போட்டபோது வாங்கிக் கட்டினோம். நெல் விளைந்த மண் சும்மா இருக்குமா? வெயில் காலத்தில் தரை வெடிக்கும், மழைக் காலத்தில் சுவரில் ஓதம் ஏறும். நான் ஓய்வு பெறும்வரை தல்லாகுளத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சராக வேலை பார்த்தேன். காலையில் போய்ப் பொழுது சாய வருகிறவளுக்கு வீடு என்றால் சமையலறையும் படுக்கையும்தான். மீதி வீடு அவருடையது.

அவருக்குத் தமிழ் மாதம்தான் கணக்கு. பங்குனி பிறந்தால் மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் கழுவியாக வேண்டும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் மொட்டைமாடிக்கு வெயில் தாங்கும் சுண்ணாம்பை இரண்டு தடவை அடித்துவிடுவார். திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஹாலில் வரிசையாகப் படுத்துக்கொண்டு, "உங்க வீடு மட்டும் எப்படிண்ணே இம்புட்டுக் குளுகுளுன்னு கெடக்கு?" என்று கேட்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடு என்று கேலி செய்வேன். வைகாசியில் கரையான் பார்ப்பார். டார்ச் லைட்டோடு கதவு நிலைக்கு அடியில் மண்டி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆடிக் காற்று கிளம்புமுன் பின்பக்கத்துத் தகரக் கூரையின் கொக்கிகளை முறுக்கி வைப்பார்.

புரட்டாசி வந்துவிட்டால் மாடியைவிட்டு இறங்கவே மாட்டார். பக்கத்து வீட்டு வேப்பமரம் எங்கள் மாடியில்தான் இலையைக் கொட்டும். அதையெல்லாம் கூட்டி அள்ளி, மழைத் தண்ணீர் இறங்கும் மூன்று ஓட்டைகளிலும் முழங்கைவரை கையை விட்டுத் துழாவுவார். பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, கடகடவென்று கீழே ஓடிவந்து, சமையலறைக்கு வெளியே குழாயில் அது எப்படி இறங்குகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். சத்தம் திருப்தி இல்லையென்றால் திரும்ப மேலே ஓடுவார். நான் தோசை ஊற்றிக்கொண்டே சிரிப்பேன்.

மழையில் கதவுகள் உப்பிக்கொண்டு சாத்த வராது. தச்சரைக் கூப்பிட்டு இழைக்கலாம் என்று நான் ஒவ்வொரு கார்த்திகையிலும் சொல்வேன். "அது தண்ணி குடிச்சிருக்கு புள்ள. தையில தானா எறங்கிரும். இப்ப எழச்சா அப்புறம் பல்லு போன வாய் மாதிரி கெடக்கும்" என்று ஒரே பிடியாக நிற்பார். இரண்டு மாதம் நாங்கள் கதவைத் தோளால் இடித்துத்தான் சாத்துவோம். தை பிறந்ததும் அது சொன்னபடி கேட்கும். அவர் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

போன வருஷம் மாசியில்தான் அது தொடங்கியது, அல்லது நான் அப்போதுதான் பார்த்தேன். நல்ல வெயில், இலை அசையவில்லை. அவர் ஏணியைப் போட்டுத் தகரக் கூரையை முறுக்கிக்கொண்டிருந்தார். கம்பி வாங்கி வந்து குறுக்கே வேறு கட்டியிருந்தார்.

"மாசியில என்னங்க தகரத்தோட மல்லுக்கட்டு?" என்றேன்.

"ஆடி பொறந்து மூணு நாளாச்சு. காத்து கெளம்பிரும். கேலண்டரப் பாரு" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஹால் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் ஆடி மூன்று என்றுதான் சொன்னது. காலையில் எழுந்ததும் தாள் கிழிப்பது எங்கள் வீட்டில் அவர் வேலை. நான் செல்போனில் தேதி பார்க்கிறவள், அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. கிழித்ததை மறந்துவிட்டு, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இன்னொரு தாளைக் கிழித்திருக்கிறார். நாளைக்கு மூன்று, நான்கு. மாசியிலேயே எங்கள் ஹாலில் ஆடி வந்துவிட்டது.

நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. வயிறு வலிக்கச் சிரித்தேன். ஓசூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "ஒங்கப்பா ஆடித் தள்ளுபடிக்குக் கெளம்பிட்டாரு" என்றேன். பக்கத்து வீட்டுத் தம்பியிடமும் சொன்னேன். பள்ளிக்கூட வாத்தியார் அவர், என் கணவரை அண்ணே என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவார். அவர் சிரிக்கவில்லை. "மதினி, அண்ணனை ஒரு டாக்டர்கிட்டக் காட்டிருங்க" என்றார்.

காட்டினோம். மகள் வந்து கூட்டிப்போனாள். தலையைப் படம் எடுத்தார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள், காய்கறிப் பெயர் பத்துச் சொல்லச் சொன்னார்கள். சந்தைக்குப் போய் எனக்குப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்த மனிதர், நான்கு சொன்னார். மறதி நோய், இனிக் கூடத்தான் செய்யும், குறையாது என்றார் டாக்டர். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அம்மா, கைக்குப் பழகின வேலையச் செய்ய விடுங்க. கூட நின்னு செய்ய வைங்க. அதுவரைக்கும் இது தன்னோட வீடுன்னு பிடிப்பு இருக்கும். உயரத்துல மட்டும் தனியா ஏற விடாதீங்க."

இதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் என் காதில் ஏறியது. வீட்டுக்கு வந்த அன்றே ஏணியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். காலண்டரைக் கழற்றினேன். மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் பூட்டி, சாவியை ஊக்கில் கோத்துத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டேன். வேறு எங்கே வைத்தாலும் அவர் எடுத்துவிடுவார் என்று பயம். இங்கே கை வைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய புருஷனுடைய மரியாதையை அவருக்கு எதிராகவே உபயோகித்தேன்.

காலண்டரைக் கழற்றிவிட்டால் மட்டும் போதுமா? ஆடியில் இறங்கிய மனசு அங்கிருந்து புரட்டாசிக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவருக்கு எந்த நாளும் மழைக்கு முந்தின நாள்தான். காலைக் காபி முடிந்ததும் என் முன்னால் வந்து நிற்பார்.

"சாவியக் குடு புள்ள. மாடி ஓட்டை அடச்சுக் கெடக்கும்."

"மழையே இல்லைங்க. பங்குனி வெயில் மண்டையப் பொளக்குது."

"வந்தப்புறம் பாத்துக்கிட முடியாது. ஒரு எட்டு, போனதும் வந்துர்றேன்."

இது தினமும் நடந்தது. சில நாள் பத்துத் தடவை. முதலில் பொறுமையாகச் சொன்னேன். சித்திரையில் எரிந்து விழுந்தேன். வைகாசியில் அவர் வாயைத் திறக்குமுன்பே "மழை இல்லை" என்று கத்தப் பழகிவிட்டேன். ஒரு நாள் வாத்தியார்த் தம்பி வாசலில் நிற்கும்போதே, "இந்தப் பைத்தியத்தோட என்னால மாரடிக்க முடியல" என்று சொல்லிவிட்டேன். என் கணவர் காதில் அது விழுந்தது. கேட்டுவிட்டுக் கையில் இருந்த ஸ்பேனரை மேஜை மேல் சத்தமில்லாமல் வைத்தார்.

ஒரே ஒரு நாள் அவர் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போயிருந்தால் என்ன குறைந்திருக்கும்? முப்பது படி. நான் கூட நின்றிருக்கலாம். டாக்டர் அதைத்தானே சொன்னார்? ஆனால் எனக்குப் பயம், அதைவிடக் கோபம். கோபம் யார் மேல் என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவர் மேல் கொட்டினேன். நான் போனால் அவரும் பின்னாலேயே வருவார் என்று நானும் மாடிக்குப் போவதை நிறுத்தினேன். துணியைப் பின்பக்கக் கொடியில் காயப்போட்டேன். வேப்பமரம் தன் பாட்டுக்கு இலையைக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆடி போனது, ஆவணி போனது. நிஜமான புரட்டாசி வந்தது. அப்போதும் அவர் வந்து நின்று சாவி கேட்டார், அப்போதும் நான் மழை இல்லை என்று கத்தினேன். அந்த மாதம் முழுக்க அவர் கேட்டதுதான் சரி என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. ஏழு மாதமாக ஒரே பதிலைச் சொன்ன வாய், அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. மேலூர்ப் பக்கம் கருத்துக்கொண்டு வந்து, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கொட்டத் தொடங்கியது. எதிர்ச் சாரி வீடுகள் தெரியவில்லை. நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். அவர் சமையலறையில் குழாய் இருக்கும் சுவரோரமாகப் போய் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொழாயில சத்தம் இல்ல புள்ள."

"சும்மா உக்காருங்க."

"இம்புட்டு மழைக்கு அது கத்தணும். தண்ணி மேல நிக்குது. சாவியக் குடு."

"வருசம் பூரா இதே பாட்டா? கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு!"

அவர் படியேறிப் போய்க் கதவைத் தட்டினார். தோளால் இடித்தார். நான் மூச்சிரைக்க மேலே ஓடி, அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து, நாற்காலியில் தள்ளாத குறையாக உட்காரவைத்தேன். "எந்திரிச்சீங்கன்னா கட்டிப் போட்டுருவேன்" என்றேன். கட்டிய மனைவி சொல்கிற சொல்லா அது? அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. வேலை தெரியாத ஆளிடம் வண்டியை விட்டுவிட்டுப் போகிறவரின் கவலை மாதிரி ஒன்று இருந்தது. கண் கலங்கியிருந்தது.

நான் அடுப்படிக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் படியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தேன். மாடிக் கதவின் அடி இடுக்கு வழியாக வந்து, ஒவ்வொரு படியாக நிரப்பி நிரப்பிக் கீழே வழிந்தது. வேப்பிலையும் கூடவே வந்தது. ஹால் சுவரில் சுவிட்சுகள் இருக்கும் இடத்தில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் பதறி மெயினை அணைக்க ஓடினேன். அது ஏற்கெனவே அணைந்திருந்தது. கரண்ட் போகவில்லை. அவர் எழுந்து போய் அணைத்துவிட்டு, நான் சொன்னபடி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஊக்கைப் பிடுங்கிச் சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். கதவைத் திறந்தால் மாடி முழுக்கக் கெண்டைக்கால் அளவுத் தண்ணீர். திறந்த வேகத்தில் அது என்னைத் தள்ளிக்கொண்டு படியில் பாய்ந்தது. அந்த மழையில், அந்த இலைக் குப்பையில், ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் குடியிருந்த வீடு. குனிந்து கையால் தடவித் தடவிப் பார்த்தேன். அவர் எனக்குப் பின்னால் வந்து வாசற்படியில் நனைந்துகொண்டு நின்றார்.

"ஓட்டை எங்கங்க? எந்த மூலைங்க? சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அவர் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் எதையும் தொடல" என்றார்.

என் சத்தம் கேட்டு வாத்தியார்த் தம்பிதான் ஓடிவந்து, மூலை மூலையாகக் காலால் தேடி, இலையையும் பாலித்தீன் பையையும் பிடுங்கிப் போட்டார். தண்ணீர் குழாயில் இறங்கியது. கீழே சமையலறைச் சுவருக்கு வெளியே அது போட்ட சத்தம் எனக்கே கேட்டது. என் கணவர் தலையைத் திருப்பவில்லை.

இந்த நோயில் அப்படித்தான், ஒரு நாள் இருப்பது மறுநாள் இருக்காது என்று டாக்டர் சொல்கிறார். மகளும் அதையே சொல்கிறாள். இருக்கட்டும். ஆனால் கால் மணி நேரத்துக்கு முன்பு, மழைச் சத்தத்துக்கு நடுவில் குழாயின் சத்தம் இல்லை என்பதைக் கண்டுபிடித்த மனிதர் அவர். மெயினை அணைக்கத் தெரிந்தவர். அதற்குள் நோய் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றால் நான் நம்ப மாட்டேன். நான் மிரட்டி உட்காரவைத்தேன், அவர் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை காபி கொடுத்துவிட்டு அவர் முன்னால் நின்றேன். சாவி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. சாவியை மாடிக் கதவிலேயே விட்டு வைத்தேன், கதவைத் திறந்தும் வைத்தேன். அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. தினமும் பத்துத் தடவை என்னை வெறுப்பேற்றிய அந்தக் கேள்விக்காக நான் ஏங்கிக் கிடந்தேன். "மாடிக்குப் போவோமாங்க?" என்று நானே கேட்டேன். கால் வலிக்கிறது என்றார்.

கார்த்திகையில் வாசல் கதவு உப்பிக்கொண்டது. என்னால் தனியாக இடித்துச் சாத்த முடியவில்லை. ஆத்திரத்தில் தச்சரைக் கூப்பிட்டு இழைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மரச்சுருள்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. தையில் கதவு சுருங்கி, பக்கத்தில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. கிழிந்த துணியைச் சுருட்டிச் செருகி வைத்திருக்கிறேன்.

இந்தப் பங்குனியில் தொட்டி கழுவ வேண்டியிருந்தது. யாரையாவது கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு அவர் கையால் நடக்க வேண்டும் என்று ஒரு வெறி. டாக்டர் சொன்னதை ஒரு வருஷம் கழித்துக் கேட்கிறேன், அவ்வளவுதான். வாத்தியார்த் தம்பி முன்னால் ஏற, நான் பின்னால் தாங்கிக்கொள்ள, அவரை ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏற்றினோம். கைப்பிடிச் சுவரோரமாக ஸ்டூலில் உட்காரவைத்தேன். காலை வெயில் இதமாக இருந்தது. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். தூரத்தில் அழகர் மலை தெரிந்தது. நல்ல காற்று என்றார். எனக்கு உயிர் வந்தது.

தேய்க்கிற பிரஷை அவர் கையில் கொடுத்தேன். கை அதைச் சரியாகத்தான் பிடித்தது. கட்டைவிரல் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தது. தொட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பாதித் தண்ணீர் இருக்கிறது என்றார். இருந்தது. நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கழுவிருவோமாங்க?" என்றேன்.

அவர் பிரஷை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்நியப் பெண்களிடம் பேசும்போது அவர் முகத்தில் வருகிற கூச்சம் வந்தது.

"செய்யலாம்மா. ஓனர்கிட்டச் சொல்லிட்டீகளா?"

கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"அடுத்தவுக வீட்டு மாடி. கேக்காம ஏறி வேலை செஞ்சா கோவிச்சுக்கிருவாக. திட்டுவாக" என்றார்.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது உங்கள் வீடு, நீங்கள் கட்டியது என்று சொல்லிப் பார்த்திருக்கலாம். திட்டுவார்கள் என்று அவர் சொன்ன பிறகு எனக்கு அது முடியவில்லை.

"கேட்டுட்டேங்க. ஒங்க இஷ்டம் போலச் செய்யச் சொல்லிட்டாரு. யாரும் திட்ட மாட்டாக" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"அப்படியா? நல்ல மனுசனா இருப்பாரு போலயே" என்றார்.

"ஆமாங்க. ரொம்ப நல்ல மனுசன்" என்றேன்.